அக்காவின் வயிறு

மருத்துவ அறநெறி என்றொரு பாடம் அந்தக் கல்லூரியில் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. மாணவர்களுக்கு அது தூக்கப் பாடம். நடத்துகிற டாக்டருக்கு 'அறம் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நோயாளியைக் கேட்காமல் தொடாதே, கேட்காமல் தொடாதே என்று வருஷக்கணக்கில் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கிளிப்பிள்ளை போல ஒப்பித்தார்கள். வார்டுக்குப் போனதும் மறந்தார்கள்.

இந்த முறை செய்முறைத் தேர்வில் விடக்கூடாது என்று முடிவு செய்தாள். நோயாளியாக நடிக்க வழக்கம்போல அவளுடைய அக்காதான் வரவேண்டும். வேறு யாரும் ஓசியில் வந்து படுக்கமாட்டார்கள்.

"இன்னிக்கு வேண்டாம்டி," என்றாள் அக்கா காலையில். "போன தடவை அமுக்கினது, ஒரு வாரம் வயித்துவலி."

"இந்தத் தடவை ஒருத்தரும் தொடமாட்டாங்கக்கா. அனுமதி கேப்பாங்க. நீ வேண்டாம்னு சொல்லு. அப்படியே நிறுத்தணும், அதான் பரீட்சை. எனக்காக வா, கார்ல ஏறு."

அக்கா ஏறினாள்.

முதலில் வந்தவன் ஒரு நெட்டையன். கையைக் கழுவினான், புன்னகைத்தான். "வணக்கம்மா. உங்க வயித்தைப் பரிசோதிக்கலாமா?"

"வேண்டாம்ப்பா."

"ரொம்ப நன்றிம்மா," என்று சொல்லி அமுக்க ஆரம்பித்தான்.

மூலையில் உட்கார்ந்திருந்த அறம் மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேர்வு நடத்துகிறவர் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. சரி, இவன் அசடு, அடுத்தவளாவது நிறுத்துவாள் என்று காத்திருந்தாள். அடுத்தவள், "பயப்படாதீங்கம்மா, வலிக்காது," என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள். அதற்கடுத்தவன் கொஞ்சம் விவரமானவன். கையை எடுத்துவிட்டு மூலையைப் பார்த்தான். மேடத்துக்கு உயிர் வந்தது.

"மேடம், இந்தம்மா வசனத்தை மாத்திச் சொல்றாங்க," என்று புகார் சொல்லிவிட்டு மறுபடி கையை வைத்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செவிடன் காதில் சங்கு ஊதினால் அவன் ஊதுகிறவளின் கன்னத்தையாவது பார்ப்பான். இவர்கள் அதுகூட இல்லை. ஒருவராவது, ஒரே ஒருவராவது என்று கடைசி ஆள் வரை உட்கார்ந்திருந்தாள். நடுவில் அக்கா இரண்டு தரம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். 'கொஞ்சம் பொறு' என்று இவள் கையைக் காட்டினாள்.

எல்லோருக்கும் பூஜ்யம் போட்டு முதல்வரிடம் கொண்டுபோனாள். முதல்வர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அனுமதி கேட்டாங்களா, இல்லையா?"

"கேட்டாங்க சார். பதிலைத்தான் காதுல வாங்கல."

"கேட்டா ஒரு மார்க்குன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? பதிலுக்கு மார்க் எங்க இருக்கு? போங்க மேடம், திருத்திக் கொண்டுவாங்க. மத்தியானம் அடுத்த குழு இருக்கு, அவங்களையாவது அழவிடாதீங்க."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தேர்வு அறைக்குத் திரும்பினாள். அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாக்கா? ஒருத்தனுக்காவது காது இருக்கா? இதுங்க நாளைக்கு டாக்டராம்! மத்தியானம் இன்னொரு குழு வருது. அதுல எவனாவது நிறுத்துவான், நீ வேணா பாரு."

"வேண்டாம்டி. வலிக்குது."

"சாப்பிட்டுட்டு கொஞ்ச நேரம் இங்கயே படு. தலையணை கொண்டுவரச் சொல்றேன். இந்தத் தடவை நீ இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லிப் பாரு, அப்பவாவது..."

அக்கா கடைசிப் பொத்தானைப் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து, கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். கதவருகில் ஒரு நிமிஷம் நின்று தங்கையைப் பார்த்தாள்.

"அந்தப் பசங்களாவது நன்றிம்மான்னு சொன்னாங்கடி."