கண்ணம்மாளின் நீர்ராசி

கண்ணம்மாளுக்கு நீர்ராசி இல்லை என்று சொன்னவர், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்து நிலத்தடி நீரோட்டம் பார்க்கிற ஆள். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் அவளுடைய மல்லிகைத் தோட்டத்தில் அவர் காட்டிய இடத்தில் போர் போட்டார்கள். தண்ணீருக்குப் பதில் வறண்ட மண்புகைதான் வந்தது. இரண்டாவது இடத்திலும் புகை. தேங்காயைக் குறை சொல்ல முடியுமா? டீ கொண்டுவந்த கண்ணம்மாளைப் பார்த்தார். "வீட்டுப் பொம்பளைக்கு நீர்ராசி இல்லப்பா" என்று சொல்லிவிட்டுத் தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் போனார், அந்தச் சொல் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. போரில் தண்ணீர் பீய்ச்சியடித்தால் வீட்டுப் பெண்தான் பூப்போட்டு வரவேற்க வேண்டும். அவளுக்கு அது வாய்க்கவே இல்லை.

மதுரையில் வேலை பார்க்கும் மகள் தீபா, "கூட வேலை பாக்குற புள்ள கடற்கரையில ஒரு வீடு சொல்லிருக்குப்பா, அம்மாவை ரெண்டு நாள் கூட்டிட்டுப் போறேன்" என்று கேட்டதும் அப்பா உடையப்பன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். ஒரு நாள் பூவெடுக்காவிட்டால் குடியே முழுகியதுபோல் குதிக்கிற மனுஷன், பஸ் ஸ்டாண்டு வரை வந்து சீட்டுப் பிடித்துக் கொடுத்தார். "மூணு நாள்கூட இருந்துட்டு வா" என்றார். அப்பாவின் திடீர்ப் பாசத்தில் தீபா உருகிப்போனாள். கண்ணம்மாள் உருகவில்லை. மூன்றாவது போருக்கு லாரி வரப்போவது அவளுக்குத் தெரியும். தன் நிழல் தோட்டத்தில் விழக்கூடாது, அவ்வளவுதானே. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவர் கிராமம். வீட்டுப் படியிறங்கினால் கடல். அதுவரை கண்ணம்மாள் கடலைப் பார்த்ததில்லை. தண்ணீரைக் குடத்தால் அளந்து பழகியவள், கிணற்றை எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்தவள். இங்கே எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. மோட்டார் இல்லை, கரண்டு இல்லை, யாரும் மடை திருப்பவில்லை. கண் போன மட்டும் தண்ணீர் அதுபாட்டுக்குக் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"ஆத்தாடி! இம்புட்டையும் யாரு வச்சிருக்கா?"

தீபா சிரித்தாள். கண்ணம்மாள் கடைசிப் படியில் நின்று கால் பெருவிரலை மட்டும் தண்ணீரில் வைத்தாள். வைத்ததும் திக்கென்றது, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பூவெடுக்கப் போகிற பழக்கத்தில் மறுநாள் விடியுமுன்னே முழிப்பு வந்துவிட்டது. வெளுக்கிற நேரத்தில் கதவைத் திறந்தாள். கடல் இல்லை. நேற்றுத் தண்ணீர் நின்ற இடமெல்லாம் சேறு. படகுகள் சாய்ந்து கிடந்தன. தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது.

"தீபா, எந்திரி. ஊருக்குப் போயிருவோம்."

"என்னம்மா ஆச்சு?"

"நேத்துக் கால வச்சேன். வத்திப்போச்சு."

சிரிக்க வாயெடுத்த தீபா, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். அந்தத் தேங்காய்க்காரரை அம்மா இத்தனை நாளாக மனசுக்குள் குடிவைத்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் செபாஸ்தியம்மாள் காபியோடு வந்தவள் விஷயத்தைக் கேட்டு இடுப்பில் கைவைத்தாள். "நல்லா இருக்கே கதை! தெனமும் வத்தும், தெனமும் பெருகும். மதியத்துக்குள்ள படியில வந்து நிக்கும் பாரு. அதை நம்பித்தான் எம் புருசன் படகைச் சேத்துல போட்டுட்டுக் குறட்டை விடுறாரு."

கண்ணம்மாள் நம்பவில்லை. காபி ஆறியது. இட்லியைத் தொடவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏற ஏற, கோடு பட்டையானது. சேற்றின் பள்ளங்களில் தண்ணீர் சத்தமில்லாமல் புகுந்தது. யாரும் கூப்பிடாமல், யாரும் இறைக்காமல், கடல் முழுசும் கிளம்பி அவளை நோக்கி வந்தது. சாய்ந்து கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கண்ணம்மாளின் கைகள் தாமாகக் குவிந்தன.

அப்போதுதான் போன் அடித்தது. உடையப்பன்.

"கண்ணம்மா, இதுலயும் புகைதான்" என்றார். குரல் உடைந்திருந்தது.

வாடி நிற்கும் செடிகள் ஒவ்வொன்றும் அவள் கண்முன் வந்தன. அடுத்த நொடிதான் அது தோன்றியது.

"இந்தாங்க, நான்தான் ஊர்லயே இல்லையே" என்றாள். "பெறகு யாரு ராசியில புகை வந்துச்சு?"

தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கே வந்துரு கண்ணம்மா" என்றார் உடையப்பன்.

"போர் மண்ணு செடி மேல படியாம ஓரமா அள்ளிப் போடச் சொல்லுங்க. மூணு நாள் இருந்துட்டு வரச் சொன்னீங்கல்ல, இருந்துட்டே வாரேன்."

போனை மகளிடம் கொடுத்தாள். தலையில் இருந்த வாடிய மல்லிகைச் சரத்தை எடுத்தாள். சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். குனிந்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் பூவை அதன்மேல் வைத்தாள்.

தண்ணீர் முழங்கால் வரை ஏறியது. கண்ணம்மாள் நகரவில்லை.