நாக்கு இல்லாமல் பெண் கேட்ட சனிக்கிழமை

பத்து வருடம் கப்பலில் சமைத்துவிட்டுக் கண்டாவு தீவுக்குத் திரும்பியபோது எனக்கு நாற்பது வகை மீன் சமைக்கத் தெரியும். நாக்கை மரத்துப்போக வைக்கும் எங்கள் ஊர் வேர்ப்பானமான கவா மட்டும் கரைக்கத் தெரியாது. நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட நானிசேயின் அப்பா சீத்திவேனிக்கு, எனக்குத் தெரியாது என்பது தெரியும்.

"பொண்ணு வேணும்னா சனிக்கிழமை வா," என்றார். "கவாவை உன் கையாலயே கரைச்சு ஊத்து. குடிச்சுட்டுப் பதில் சொல்றேன்."

எனக்கு முன் வந்த மூன்று பேருக்கு, குடிக்காமலே இல்லை என்று சொன்னவர்.

சனிக்கிழமை காலையிலேயே அத்தை மகன் அபிசலோமேயிடம் ஓடினேன். எங்கள் தீவில் மச்சான் என்பவன் கேலி செய்யப் பிறந்தவன்; செய்யாவிட்டால்தான் மரியாதைக் குறைவு.

"மூணு வழி இருக்கு மச்சான். காய்ஞ்ச வேரை உரல்ல இடிச்சுத் துணியில பிழியலாம். கடைப்பொடியைக் கலக்கலாம், அது சோம்பேறிக்கு, அதாவது உனக்கு. இல்லன்னா இப்பப் பிடுங்குன பச்சை வேரை அரைச்சுப் பிழியலாம். அதைக் குடிச்சா பாதிரியாருக்கே பிரசங்கம் வராது."

"எது நல்லது?"

"நீதானே பெரிய சமையல்காரன். நீயே சொல்லு."

சமையல்காரன் ருசி பார்க்காமல் எதையும் இறக்கமாட்டான். அங்கேதான் கெட்டேன். மூன்றையும் கரைத்தேன். கடைப்பொடி ஆற்றுமணலாக நறநறத்தது. இடித்தது மண்வாசனையோடு நிதானமாக இறங்கியது. பச்சை வேர் சுருக்கென்று கடித்தது. சந்தேகம் தீர மறுபடி முதலிலிருந்து வந்தேன். நாலாவது சுற்றில் மூன்றும் ஒரே ருசி. நாக்கு ஊரைவிட்டே போயிருந்தது. ஓர் ஈ அதன்மேல் உட்கார்ந்து சாவகாசமாக முகம் கழுவிக்கொண்டு போயிற்று. பச்சை வேரைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் மீதி இருந்தது.

சாயங்காலம் ஊர்ச்சபை கூடியிருக்க, சீத்திவேனி வீட்டுப் பாயில் சம்மணமிட்டு, மரத்தொட்டியில் கரைத்து முடித்தேன். பெண் கேட்க வாயைத் திறந்தால் "ம்ப்" என்று மட்டும் வந்தது.

அபிசலோமே சந்தோஷமாக முன்னால் நகர்ந்தான். "பெரியவரே, இவன் கப்பல்ல சமைச்சதைத் தின்ன சுறா ஒண்ணு கரைக்கு வந்து அழுதுச்சு. மத்தபடி குறை இல்ல. நானிசேயை இவனுக்குக் குடுங்க."

சீத்திவேனி சிரட்டையை ஒரே மூச்சில் காலி செய்தார். 'இல்லை' அவர் தொண்டைவரை வந்ததை எல்லோரும் பார்த்தோம். உதடு அசைந்தது, நாக்கு எழவில்லை. கைகள் மட்டும் ஐம்பது வருடப் பழக்கத்தில் குவிந்து மூன்று முறை தட்டின.

குடித்து முடித்தால் நாங்கள் அப்படித்தான் தட்டுவோம். கேட்டதற்குச் சம்மதம் என்றாலும் அதே தட்டுதான்.

"அப்பா சம்மதிச்சுட்டார்," என்றாள் நானிசே கதவோரத்திலிருந்து.

சபை முழுக்கப் பதிலுக்குத் தட்டியது. சபை தட்டிய பிறகு யாரும் மாற்ற முடியாது. சீத்திவேனியின் நாக்கு செவ்வாய்க்கிழமைப் படகில்தான் திரும்பியது. அதற்குள் கல்யாணப் பன்றி குழியடுப்பில் வெந்திருந்தது.

எனக்கு எழுபது ஆகிவிட்டது, மாமாவுக்கு நூற்று நான்கு. இன்றும் யாராவது வந்தால் என்னைக் காட்டிச் சொல்வார்: "நான் தட்டினது கவாவுக்கு. இவனுக்கில்ல."

"இன்னொரு சிரட்டை ஊத்தட்டுமா மாமா?" என்பேன்.

பச்சை வேர்தான்.