சுமைக்காரருக்கு வழி

சென்னம்மாளை யாரும் வா என்று கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

மேட்டூரில் அணை கட்டி முடித்து இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகியிருந்தது. மாசி மாதம். மிளகு விற்ற கையோடு அண்ணன் செங்கோடன் களியை உருட்டிக்கொண்டே சொன்னான்: "காவேரியையே மறிச்சு நிறுத்திப் போட்டாங்களாம். எல்லாரும் போய் ஒருக்காப் பாத்துட்டு வரலாம்."

அந்த "எல்லாரும்" சென்னம்மாளைப் பிடித்துக்கொண்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், சாமை குத்தும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் தானும் உண்டா? யாரைக் கேட்பது?

புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. அண்ணி ருக்குமணி கெட்டவள் இல்லை கண்ணுகளா, அதையும் சொல்லிவிட வேண்டும். சோற்றில் குறை வைக்கமாட்டாள், ஒரு சுடுசொல் சொல்லமாட்டாள். ஆனால் ஒரு வீட்டில் திட்டுக்கூட வாங்காமல் இருப்பது எப்படிப்பட்ட தனிமை என்று, தினம் திட்டு வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. சென்னம்மாள் பேசினால் கேட்டார்கள். பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்று கேட்கவில்லை.

புறப்படுகிற அன்று விடிகாலையில் அவளாகவே எழுந்து கட்டுச்சோறு கட்டினாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கடைசி ஆளாக நடந்தாள். செங்கோடன் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சரி, நாமும் உண்டு போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கொல்லிமலையில் திருப்புலி நாட்டிலிருந்து இறங்கி முள்ளுக்குறிச்சிக்கு வந்து, அங்கே மிளகு வாங்குகிற வியாபாரியின் மாட்டு வண்டியில் ஏறி, மறுநாள் காலையில் ராசிபுரம் வந்து சேர்ந்தார்கள். செங்கோடன், ருக்குமணி, அவள் இடுப்பில் கைக்குழந்தை, ஏழு வயசுப் பொன்னம்மாள், சென்னம்மாள். இவர்களில் ஒருத்தரும் அதுவரை பஸ்ஸில் ஏறினதில்லை.

பஸ் நின்றுகொண்டிருந்தது. மூக்கிலிருந்து ஆவி போயிற்று. ஒருவன் அதன் முகத்தில் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்று சுற்றென்று சுற்றிக்கொண்டிருந்தான்.

"அப்பா, அதுக்கு வவுத்து வலியா?" என்றாள் பொன்னம்மாள்.

"சும்மா இரு சாமி. கேட்டா நம்மள ஏத்தமாட்டாங்க" என்றான் செங்கோடன். அவனுக்கும் தெரியாது, பாவம்.

டிக்கெட் கொடுக்கிற ஏஜெண்டு வெங்கிடுசாமி ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். செங்கோடன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரிடம் போய்ச் சேலத்துக்கு டிக்கெட் வாங்கிவந்தான். கட்டுச்சோற்று மூட்டையைக் கண்டக்டர் பிடுங்கி மேலே ஏற்றிவிட்டான். "பொம்பளைங்க முன்னால! ஆம்பளைங்க பின்னால! ஏறுங்க, ஏறுங்க!" என்று கத்தினான். ருக்குமணி குழந்தையோடும் பொன்னம்மாளோடும் முன் வாசலில் ஏறினாள். செங்கோடன் பின்பக்கம் போனான்.

சென்னம்மாளும் ஏறத்தான் காலை வைத்தாள். அப்போது பின்னாலிருந்து ஒரு கிழவி தலையில் பித்தளைக் குடத்தோடு வந்தாள்.

கொல்லிமலைப் பாதையைப் பார்த்தவர்களுக்குத்தான் இது விளங்கும். ஒரு ஆள் நடக்கிற அகலம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். சுமையோடு ஒருத்தர் வந்தால், கைவீசி நடக்கிறவர் மலையோரமாக ஒதுங்கி நிற்கவேண்டும். சுமைக்காரர் போன பிறகுதான் மறு அடி. நடக்கப் பழகும்போதே கூடப் பழகுகிற வழக்கம் இது. அதை யோசித்துச் செய்வதில்லை, கால் தானாக ஒதுங்கும்.

மூட்டைதான் மேலே போய்விட்டதே. சென்னம்மாள் அப்போது வெறுங்கை. ஒதுங்கினாள்.

"நடங்க ஆத்தா" என்றாள்.

கிழவிக்குப் பின்னால் வெற்றிலைக் கூடையோடு ஒருத்தி வந்தாள். அவளுக்கும் ஒதுங்கினாள். அடுத்து இரண்டு கோழிகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒருத்தி. அதற்கப்புறம் துணி மூட்டை. ராசிபுரத்தில் சுமையில்லாத மனுஷியே கிடையாதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லோருக்கும் ஒதுங்கி ஒதுங்கி, பஸ்ஸைவிட்டு நாலு முழம் தள்ளிப்போய் ஒரு சுவரோரமாக நின்றாள். அவசரம் ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். மாட்டு வண்டிக்காரன் எல்லோரும் ஏறியாயிற்றா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தானே ஓட்டுவான்?

கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

சென்னம்மாள் ஓடவில்லை. கத்தவும் இல்லை. இது கொஞ்சம் முன்னால் போய் நிற்கும் போலிருக்கிறது என்றே நினைத்தாள். புழுதி அடங்கியது. தெரு காலியாகத் தெரிந்தது. அப்போதுதான் அது நிற்கப்போவதில்லை என்று அவளுக்கு விளங்கியது.

"ஏம்மா! நீ அந்த மலைக்காரரோட வந்தவதானே? ஏறலியா?" என்றார் வெங்கிடுசாமி.

"வழி உட்டேனுங்க" என்றாள்.

"யாருக்கு?"

"சொமை கொண்டாந்தாங்களே, அவங்களுக்குங்க."

வெங்கிடுசாமி பக்கத்து டீக்கடைக்காரனைப் பார்த்தார். "கேட்டியா? வழி உட்டாங்களாம். இந்த ஊர்ல ஒருத்தனுக்கொருத்தன் முழங்கையில இடிச்சுத்தான் ஏறுவான். மகராசி ஒருத்தி வந்து வழி உட்டிருக்கா!" டீக்கடைக்காரன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் சென்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பயப்படாத. உனக்கும் சேத்துத்தான் உங்கண்ணன் டிக்கெட் வாங்கியிருக்காரு. ஒன்றரை மணி நேரத்துல அடுத்த வண்டி. அதுல ஏத்தி உடறேன்."

உனக்கும் சேர்த்து. அந்தச் சொல்லை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க சாமி. அண்ணன் வந்துருவாருங்க. நான் இங்கதான் நிக்கோணும்."

மலையில் அதற்கும் ஒரு முறை உண்டு. கூட்டத்தைவிட்டுத் தவறினவர் தவறின இடத்திலேயே நிற்கவேண்டும். முன்னால் போனவர்கள்தான் வந்த வழியே திரும்பி வருவார்கள். இரண்டு பேரும் நடந்தால், ஒருத்தர் மேட்டில் தேட இன்னொருத்தர் பள்ளத்தில் தேட, பொழுது இறங்கிவிடும். அதனால் சென்னம்மாள் சுவரோரத்தில் தான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. நிழல் நகர்ந்துபோயிற்று. அவள் வெயிலிலேயே நின்றாள்.

"அந்தப் பக்கம் நெழல்ல உக்காரேன்மா" என்றான் டீக்கடைக்காரன்.

"இருக்கட்டுங்க."

எத்தனை பேர் அவளைக் கடந்து போனார்கள்! ஒருத்தர் முகமும் தெரிந்த முகம் இல்லை. மலையில் தனியாகக் காட்டுக்குள் போனாலும் அது தனி என்று தோன்றாது. மரம் தெரியும், பாறை தெரியும், எந்தப் பறவை எங்கே கத்தும் என்று தெரியும். இங்கே இத்தனை ஜனம். ஒருத்தருக்கும் இவள் பெயர் தெரியாது.

முதலில் அவள் நினைத்தாள்: பஸ் நகர்ந்ததுமே அண்ணன் பார்த்திருப்பான். கொஞ்ச தூரத்தில் இறங்கியிருப்பான். இதோ அந்தத் திருப்பத்தில் வருவான்.

வரவில்லை.

பிறகு நினைத்தாள்: அண்ணன் பின்பக்கம் இருக்கிறான். நான் பெண்களோடு இருக்கிறேன் என்று நினைத்திருப்பான். அண்ணி முன்பக்கம் இருக்கிறாள். நான் வாசலோரம் நிற்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். இப்போது யாராவது ஒருத்தர் கேட்டிருப்பார்கள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. அப்புறம் வந்த நினைப்புதான் பொல்லாத நினைப்பு. வீட்டிலே ஒரு நாள் முழுக்க ஒருத்தரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனதுண்டு. அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை, நினைவு இருக்காது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஆள் பஸ்ஸில் இல்லாமல் போனால் மட்டும் எப்படித் தெரியும்? தெரிந்தாலும், குழந்தையோடு அணை பார்க்கப் போகிறவர்கள், எனக்காகத் திரும்புவார்களா?

அடுத்த பஸ் வந்து நின்றது.

"வந்தாரா உங்கண்ணன்?" என்றார் வெங்கிடுசாமி. "வரமாட்டாரும்மா. அவரு சேலத்துல எறங்கி நீ இதுல வருவேன்னு பாத்துக்கிட்டு நிப்பாரு. நீ இங்க நின்னா ரெண்டு பேரும் நின்னுக்கிட்டேதான் இருக்கோணும். ஏறு."

சென்னம்மாள் திருப்பத்தைப் பார்த்தாள். ஒரு நாய் வந்தது. நின்று சொறிந்துகொண்டு போயிற்று.

வரமாட்டான் என்று அவளுக்கே தோன்றிவிட்டது. அவர் சொன்னதற்காக இல்லை. அவள் மனசுக்குள்ளேயே அது முடிவாகிவிட்டது. மலை முறையை மீறி, நின்ற இடத்தைவிட்டு முதல் அடி வைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்தது.

இந்தத் தடவை யாருக்கும் வழி விடவில்லை. வெங்கிடுசாமிதான் அவள் முதுகில் கைவைக்காத குறையாக ஏற்றிவிட்டார். கண்டக்டரிடம், "மலைக்காரம்மா. டிக்கெட் முன்னால போன வண்டியில இருக்கு. சேலத்துல எறக்கி உடு. சொமை வச்சிருக்கறவங்கள இவ கண்ணுல காட்டாத, எறங்கி நின்னுக்குவா!" என்று சொல்லிச் சிரித்தார்.

பஸ் ஓடியது. மரங்கள் பின்னால் ஓடின. சன்னலோரம் உட்கார்ந்தவளுக்குத் தலை சுற்றியது. ஆண்டகளூரில் பஸ் நின்றது. நாலு பேர் இறங்கினார்கள், ஆறு பேர் ஏறினார்கள், டிரைவர் இறங்கித் தண்ணீர் ஊற்றினான். ஒருவன் வெள்ளரிப்பிஞ்சு விற்றான். வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் புறப்பட்டது.

அதற்கப்புறம் ஒரு மைல் போயிருக்கும். எதிரே ரோட்டோரமாக ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான். தலையில் துண்டு. முகம் தெரியவில்லை. ஆனால் நடை தெரிந்தது. சமதரை ரோட்டில், ஏற்றம் ஏறுகிறவனைப் போல முன்னால் சாய்ந்து, முழங்காலை மடக்கி மடக்கி வைத்த நடை. கீழ்நாட்டுக்காரன் ஒருத்தனுக்கும் அந்த நடை வராது.

அவள் வாயைத் திறப்பதற்குள் பஸ் அவனைத் தாண்டிவிட்டது.

"நிறுத்துங்க! எங்கண்ணன்! எங்கண்ணன் போறாரு!"

"நெனச்ச எடத்துல நிக்கறதுக்கு இதென்ன உங்கூட்டு வண்டியா?" என்றான் கண்டக்டர். "உக்காரும்மா!"

அவள் உட்காரவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள். மாட்டு வண்டியிலிருந்து இறங்குகிற மாதிரி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு காலைக் கீழே விட்டாள். கண்டக்டர் அலறிக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்து, விசிலை ஊது ஊதென்று ஊதினான்.

"எறங்கித் தொலை தாயே! என் பொழப்புல மண்ணப் போட்றாத!"

இறங்கினாள். அவள் திரும்பி ஓடத் தொடங்கும்போதே பஸ் போய்விட்டது.

"அண்ணாவ்!"

வெகு தூரத்தில் அந்த ஆள் நின்றான். திரும்பினான்.

கிட்டத்தில் வந்து பார்த்தால், முழங்கால் வரைக்கும் புழுதி. உதடு வெடித்திருந்தது. இரண்டு பேருக்கும் மூச்சு இரைத்தது.

"அண்ணியும் கொழந்தைங்களும் எங்க?" என்றாள் சென்னம்மாள்.

"மல்லூர்ல. புளியமரத்தடியில உக்கார வச்சிருக்கறேன். பொன்னம்மா ஒரே அழுவாச்சி, அத்தையக் கூட்டியான்னு."

"இந்த வெயில்ல மல்லூர்ல இருந்தா நடந்தீங்க?"

"பின்ன? எதுக்க வர்ற வண்டி சாயங்காலந்தானாம். அப்படியே வண்டி வந்தாலும், நீ ரோட்டுல நடந்து வந்தா எனக்கெப்படித் தெரியும்?" அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "நீ ஏன் புள்ளே வண்டியில ஏறுன? நின்ன எடத்துல நிக்கோணும்னு தெரியாதா உனக்கு? நான் பாட்டுக்கு ராசிபுரம் போய் நின்னிருப்பேன். அப்பறம் எங்கன்னு தேடறது?"

நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? இவ்வளவு புழுதியைப் பார்த்த பிறகு எந்த வாயால் சொல்வாள்?

"அந்த ஏஜெண்டுதான் புடிச்சு ஏத்தி உட்டுட்டாருங்கண்ணா. மாட்டேன்னுதான் சொன்னேன்."

"அவனுக்கென்ன தெரியும் நம்ம மொறை" என்றான் செங்கோடன்.

நடக்கத் தொடங்கினார்கள். அவன் முன்னால், இவள் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் சென்னம்மாள் கேட்டாள். காலையிலிருந்து சுவரோரத்தில் நின்று நின்று அவளுக்குள் இருந்தது அந்த ஒரே கேள்விதான்.

"நான் இல்லைன்னு எப்பங்கண்ணா தெரிஞ்சுது?"

அவன் திரும்பவில்லை. "வண்டி நகுந்த ஒடனே தெரிஞ்சுது. கத்தினேன். எங்க நிறுத்தறான்? மல்லூர்லதான் நிறுத்தினான்."

அந்தப் பஸ்ஸும் மல்லூருக்கு முன்னால் ஆண்டகளூரைத் தாண்டித்தான் போயிருக்கும். ஆண்டகளூரில் எவ்வளவு நேரம் பஸ் நின்றது என்று அவளுக்குத் தெரியும். டிரைவர் தண்ணீர் ஊற்றினதும் தெரியும், வெள்ளரிப்பிஞ்சுக்காரன் குரலும் தெரியும்.

"ஆமாங்கண்ணா" என்றாள். "நிறுத்தவே மாட்டீங்கறாங்க."

வெயில் கொதித்தது. மல்லூர் இன்னும் அஞ்சு மைல். இன்றைக்கு அணை பார்க்க முடியாது, அது இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். இருக்கட்டும், முகத்தைத் தூக்குவதற்காவது நாம் வேண்டியிருக்கிறதே என்று சென்னம்மாள் நினைத்துக்கொண்டாள்.

செங்கோடன் சட்டென்று நின்றான். மலைப்பாதையில் சுமைக்கு ஒதுங்குகிற மாதிரி ரோட்டோரமாக ஒதுங்கினான்.

"முன்னால நட புள்ளே."

"ஏனுங்கண்ணா?"

"நடன்னா நடயேன். காரணம் கேட்டுக்கிட்டு."

அவள் அவனைத் தாண்டி முன்னால் போனாள். பிறந்ததிலிருந்து அப்பன் பின்னால், புருஷன் பின்னால், அண்ணன் பின்னால் நடந்தவள். பார்த்து நடக்க முன்னால் ஒரு முதுகு இல்லை. எவ்வளவு வேகமாக நடப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. ரோடு நீளமாக, காலியாக, கண் கூசக் கிடந்தது. பின்னால் அண்ணன் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள்.