பனியனில் தைத்த மண்

எங்கள் ஊருக்கு எக்ஸ்ரே வண்டி வந்தால் முதலில் காணாமல் போவது இருமல்தான். நேற்றுவரை தெருவெல்லாம் கேட்ட இருமல், வாயில் துணி அடைத்ததுபோல நின்றுவிடும். நான் இந்த ஊர் நர்ஸ். காசநோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி வீடு வீடாகக் கெஞ்சுவது என் வேலை. கதவைச் சாத்துவது அவர்கள் வேலை.

"மூணு பொண்ணு வச்சிருக்கேன் ஸைனப்," என்றாள் எதிர்வீட்டு ஷரோஃபத். "நான் அந்த வண்டில ஏறுறத ஒருத்தி பாத்தா போதும், எவன் பொண்ணு கேட்டு வருவான்? உனக்கென்ன, ரெண்டும் பையனுங்க."

அதனால்தான் தவ்லத்தைப் பிடித்தேன். மூன்று வருடம் மாஸ்கோவில் கட்டட வேலை பார்த்துவிட்டுக் குளிர்காலத்துக்கு வந்திருந்தான். வெள்ளிக்கிழமை தலைநகர் துஷான்பேக்குப் போகும் பஸ்ஸில் கூட்டாளிகளோடு மறுபடி மாஸ்கோ கிளம்புகிறான். ஆறடி ஆள், ஒரு தும்மல்கூடக் கிடையாது.

"நீ மொதல்ல ஏறுப்பா. உன்னப் பாத்து நாலு பேர் வருவாங்க."

"உங்களுக்காக ஏறுறேன்க்கா."

வண்டிக்குள் அப்படியொரு குளிர். பனியனோடு நிற்கட்டும் என்று டாக்டர் விட்டுவிட்டார். படம் வந்ததும் கம்ப்யூட்டர் சிவப்புக் கட்டம் போட்டது. வலது தோளுக்குக் கீழே ஒரு நிழல்.

டாக்டர் மெல்லத்தான் சொன்னார். எங்கள் ஊரில் மெல்லச் சொன்னதுதான் முதலில் ஊர் சுற்றும். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வீட்டு வேலை ஞாபகம் வந்தது. சளியே இல்லாத மனிதனை இருமவைத்து, வந்த கொஞ்சத்தைச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு தெரியும்வரை பயணம் கூடாது என்றார் டாக்டர். தவ்லத்தின் மனைவி மஹின்குல் பக்கத்திலேயே நின்றாள். அவள் அழவில்லை. எனக்கு அது உறுத்தியது.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுவரில் ஆணி வெறுமையாக இருந்தது. ஊரைவிட்டுப் போகிறவன் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் போவான். மீதியை ஆணியில் மாட்டிவைப்போம், அவனே திரும்பி வந்து தின்னட்டும் என்று. மூன்று வருடம் தொங்கிக் கல்லாகிப்போன ரொட்டியை, வந்த அன்றே டீயில் ஊறவைத்துச் சிரித்துக்கொண்டே தின்றவன் தவ்லத். இப்போது மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில், தனிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். மகள் நிசோ வாசலில் நின்று கையை நீட்டினாள்.

"கிட்ட வராதம்மா. அம்மாகிட்ட போ."

"முடிவே வரல, அதுக்குள்ள ஏன்ப்பா இப்படி?" என்றேன். "மூஞ்சில துணி கட்டிக்கோ, ஜன்னலத் தொற, போதும்."

"வேணாங்க்கா. புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

டீயோடு வந்த மஹின்குல் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் அவன் பனியன், தோள் பக்கம் தையல் பிரிந்திருந்தது. உள்ளே ஒட்டுப்போட்டதுபோல ஒரு சின்னத் துணிப்பை. அதிலிருந்ததை என் முன்னால் கொட்டினாள்.

"எங்க வாசல் மண்ணுக்கா. போன தடவ போறப்ப நான்தான் தச்சு வச்சேன். மண்ணு கூப்பிட்டா ஆளு வந்துருமாம். சிவப்பு வந்தப்பவே இதுதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "தெரிஞ்சும் வாயத் தொறக்கலையாடி? வாசல் வாசலா பிச்சைக்காரி மாதிரி நின்னு ஆள் சேத்தேன். எல்லாம் பாழ்."

"வெள்ளிக்கிழம தாண்டிட்டா பஸ்ஸு போயிரும். இந்த வருஷமாச்சும் இருப்பாருன்னு நெனச்சேன். ஆனா எங்க இருக்காருக்கா? மாஸ்கோல இருந்தப்பவாச்சும் போன்ல புள்ளைக்கு முத்தம் குடுப்பாரு."

அவள் கொட்டிய மண்ணைக் கூட்டி அந்தப் பைக்குள்ளேயே போட்டேன். என் வீட்டு ஆணியிலும் ஒரு ரொட்டி தொங்குகிறது.

வியாழன் காலை, பனியன் இல்லாமல் இன்னொரு படம். விஷயத்தை அவளே அவனிடம் சொல்லியிருந்தாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. "அங்கயும் மண்ணு சொமக்கிற வேலதான். இதையும் சேத்துச் சொமந்திருக்கேன்," என்று நடுங்கிக்கொண்டே சிரித்தான்.

வெளியே ஷரோஃபத் ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். "மண்ணுக்கே காசநோய் கண்டுபிடிக்கிற மெஷினாம். இதுல நாம வேற ஏறணுமாம்."

அன்று யாரும் ஏறவில்லை. கொல்லைப் பக்கம் யாரோ அடக்கி அடக்கி இருமுவது எனக்குக் கேட்டது.

"ரெண்டு பக்கமும் சுத்தம்," என்றார் டாக்டர். "சளியிலயும் ஒண்ணுமில்லன்னு போன் வந்துருச்சு. தாராளமா போகலாம்."

தவ்லத் சட்டைகூடப் போடாமல் இறங்கி ஓடி நிசோவைத் தூக்கிக்கொண்டான். பிள்ளை அவன் கழுத்தை விடவே இல்லை.

மஹின்குல் மட்டும் நகரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர், இன்னொரு தடவ நல்லாப் பாருங்களேன். எங்கயாச்சும் சின்னதா ஏதாவது..."

"பயப்படாதீங்கம்மா. ஒண்ணுமே இல்ல."

அவள் எதற்காகக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்து வண்டியிலிருந்து இறக்கினேன்.

"வாடி," என்றேன். "நாளைக்கு அவன் கடிக்க ரொட்டி சுடணும்."