மணல் தாங்கும் கணக்கு

மணலைப் பற்றி இக்னேசியஸிடம் பேச்சுக் கொடுத்துவிட்டால் லேசில் தப்ப முடியாது. மற்ற எதற்கும் ஆள் வாய் திறக்க மாட்டான். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு சின்ன பவர் ஹவுஸ் கட்டவிருந்த இடத்தில், மண் பரிசோதனைக் கொட்டகைக்கு அவன்தான் இஞ்சினியர். இயந்திரங்கள் ஓடி ஓடி அதிரும்போது அடியில் கிடக்கும் மணல் என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு கணக்கை உருவாக்கிக்கொண்டிருந்தான்.

ரப்பர் உறைக்குள் ஈரமணலை நிரப்பி, மேலிருந்து அழுத்துவார்கள், பிறகு விடுவார்கள். மறுபடி அழுத்தி விடுவார்கள். அளவுமானியின் முள் காட்டுவதை, கொட்டகை உதவிக்கு வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் பூரணி எழுதுவாள். முதல் அழுத்தத்தில் மணல் நன்றாக இறங்கும், அடுத்ததில் கொஞ்சம் குறைவாக. போகப் போக இறுகி, அசையாமல் நின்றுவிடும். அவன் கணக்கும் அதையேதான் சொன்னது.

"பாத்தீங்களா பூரணி, பழகிருச்சு" என்பான் பெருமையாக.

இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் பேசி முடித்ததில், பூரணியின் குடும்பம் இந்தியாவுக்குப் போயாக வேண்டியிருந்தது. முதல் தடவை தேதி வந்தபோது தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னாள். கொட்டகைக்கும் வந்து, "போயிட்டு வர்றேன் சேர்" என்றாள். அன்று இக்னேசியஸுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி நேரத்தில் தேதி தள்ளிப்போனது. அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை கொட்டகையில் வேலை செய்த டக்ளஸ், "நீ இன்னுமா போகல?" என்று சிரித்தேவிட்டான். இக்னேசியஸும் சிரித்தான்.

போகாதே, உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்ல அவன் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் வலி குறைகிறதே, எப்படியும் திரும்பி வந்துவிடுகிறாளே என்று இருந்துவிட்டான். மணலுக்குப் போட்ட கணக்கையே தனக்கும் போட்டுக்கொண்டான், மடையன்.

நாலாம் தடவை அவள் வந்த காலையில் புதுச் சோதனை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மணலுக்கு மேல் களிமண் இருந்ததால் தண்ணீர் வெளியேற வழியில்லை. அதனால் இதுவரை தண்ணீர் கசிய விட்டிருந்த உறையின் வால்வை மூடிவிட்டு அழுத்திப் பார்த்தார்கள். அப்போதும் மணல் தாங்கும் என்றுதான் அவன் கணக்கு சொன்னது.

"போறேன் சேர்" என்றாள் பூரணி.

"போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க" என்றான், முள்ளிலிருந்து கண்ணெடுக்காமல்.

"எங்க வர்றது?"

அவன் நிமிர்ந்தான். மறுபடி முள்ளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் நின்றவள், "இன்னிக்குச் சாயந்தரம் ஹட்டன் ஸ்டேஷன்ல கோச்சி" என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனாள்.

மத்தியானம் வரை மணல் அசையவில்லை. பிறகு, காலையிலிருந்து அழுத்திய அதே அளவு அழுத்தத்தில், ஒரு பொட்டுக்கூடக் கூடவில்லை, சட்டென்று கூழாகிச் சரிந்தது.

"என்ன சேர் இது?" என்றான் டக்ளஸ்.

"உள்ள இருக்கிற தண்ணிக்கு வெளிய போக வழியில்ல. ஒவ்வொரு அழுத்துக்கும் அதோட அழுத்தம் ஏறிக்கிட்டே வந்திருக்கு. நாமதான் தாங்குதுன்னு நினைச்சிட்டோம்." சொல்லும்போதே அவன் கண் அவள் இறங்கிப் போன சரிவுக்குப் போனது. அப்படியே போட்டுவிட்டு ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களுமாக ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரியாக இருந்தது. பூரணி ஜன்னலோரம், பக்கத்தில் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி அவள் அப்பா ஆண்டியப்பன்.

"போகாதீங்க பூரணி. என்னைக் கட்டிக்கிட்டு இங்கயே இருங்க." அத்தனை பேர் கேட்கக் கத்தினான்.

அவள் கண் நிறைந்தது. "இதக் கேக்கத்தான் ஒவ்வொரு வாட்டியும் வந்து நின்னேன் சேர். இப்ப அப்பா பேர தோட்டத்து வேலைப் பதிவுல வெட்டிட்டாங்க. நாங்க இருந்த காம்பராவயும் வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. அவர மட்டும் தனியா அனுப்ப முடியுமா?"

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கோச்சி நகர்ந்தது. இக்னேசியஸ் கூடவே நடந்தான், பிறகு ஓடினான். அவள் கையை நீட்டி அவன் விரல்களை ஒரு தரம் இறுக்கிப் பிடித்து, பிறகு விட்டாள்.

காலையில் அவன் திருத்தியபடியே, அவனுக்காகச் சொன்னாள்:

"போயிட்டு வர்றேன் சேர்."