மடக்காமல் விட்ட நாற்பத்தைந்து டிகிரி

கடலூரில் கம்பி கட்டுகிறவர்களுக்கு ஒருநாள் பயிற்சி. மதியச் சாப்பாடு உண்டு என்றுதான் கொளஞ்சியப்பன் போனார். பொறியாளர் ரேகா, ஆடும் பலகைமேல் இரண்டு சின்னத் தூண்களை நிறுத்தி நிலநடுக்கம்போல உலுக்கினார். தூண் கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் நுனியை உள்ளே குத்தும்படி மடக்கிய தூண் விரிசல் விட்டும் நின்றது. நுனியைப் பாதியில் விட்ட தூணில் ரிங் வாய் பிளந்தது. உள்கம்பி பிதுங்கி, தூண் உட்கார்ந்துவிட்டது.

கொளஞ்சியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. சிதம்பரத்தில் மகள் கலைமணி சொந்தமாக வீடு வாங்கிக் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்துக்கு ரிங் மடக்கியது அவர்தான். பிளானில் நூற்று முப்பத்தைந்து டிகிரி. வேலை ஓடட்டுமென்று தொண்ணூறோடு நிறுத்தினார். கீழே கார் நிறுத்துமிடம், சுவரே கிடையாது. மொத்தப் பாரமும் அந்தத் தூண்கள்மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, மகள் வீட்டில் விஷயத்தைச் சொன்னார்.

“நம்ம ஊர்ல ஏது மாமா நிலநடுக்கம்? வெயில் ஜாஸ்தியாயிடுச்சா?” மருமகன் ஞானசேகரன் சிரித்தான்.

“ரெண்டாயிரத்தி ஒண்ணுல பாண்டிச்சேரி கடலுக்கடியில ஆடலியா மாப்ள? பூமிக்குள்ள பாறை ஒடையற எடம் குவியம். அதுக்கு நேர்மேல மேல்மையம். அங்கேருந்து அலை வரும். மொத அலை, தெருவுல லாரி போனாப்ல. பின்னாடி வர்றதுதான் பக்கவாட்டுல ஆட்டும். ரிக்டர் ஒரே நம்பர்தான். ஆனா பாறைமேல ஒரு ஆட்டம், இந்த ஆத்து மண்ணுல ஜாஸ்தி ஆட்டம்.”

“எப்ப வரும்?”

“அது யாருக்கும் தெரியாது. தூணச் சுத்தி இன்னொரு கம்பிக் கூடு கட்டி காங்கிரீட் போட்டா தாங்கும். நானே கட்டித் தர்றேன்.”

சாயங்காலம் குடியிருப்போர் கூட்டம் கார் நிறுத்துமிடத்திலேயே நடந்தது. கொளஞ்சியப்பன் எழுந்து, “ரிங்க தப்பா மடக்கினது நான்தான்,” என்றார். ஒரு தூணைக் கொத்திப் பார்க்கச் சொன்னார்.

“கொத்தறதா?” செயலாளர் ராஜாமணி எகிறினார். “வெளிய தெரிஞ்சா எவன் இங்க வாடகைக்கு வருவான்? பெரியவரு ஓட்டு வீட்டுல பொழைச்சுக்குவாரு!”

எல்லோரும் சிரித்தார்கள். ஞானசேகரன் தலையைக் குனிந்துகொண்டான். தூணைத் தொடக்கூடாதென்று முடிவாயிற்று.

கலைமணி அவரை கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள்.

“பிள்ளைங்களயாவது எங்கூட அனுப்புமா.”

“இத்தன வருசம் சொல்லாம இருந்தீங்க. இப்பச் சொல்லி எங்கள எங்க போகச் சொல்றீங்கப்பா?” அவள் கேட்டில் கை வைத்தாள். “இனிமே இங்க வராதீங்க. நானே வந்து பாக்கறேன்.”

கேட்டைச் சாத்திவிட்டு, தூண்களுக்கு நடுவே நடந்து மாடி ஏறினாள்.