முட்டை சுமக்கும் கணவாய்

மீன் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஐயங்கார் வீட்டில் பிறந்துவிட்டு, மைசூர்க் கல்லூரி ஒன்றில் வருஷா வருஷம் கணவாய் என்கிற கடல் பிராணியைப் பற்றி விலங்கியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தொண்ணூற்றேழில் மட்டும் அந்தப் பாடத்தில் எனக்கு நாக்கு உலர்ந்தது. இரண்டாவது பெஞ்சில் என் மகள் அக்ஷதா இருந்தாள்.

விவாகரத்தின்போது, எனக்குச் சம்பாத்தியம் இல்லையென்று கோர்ட் அவளை அப்பாவிடம் கொடுத்தது. அப்போது அவள் கைக்குழந்தை. மேல்கோட்டையில் அவர்கள் வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவே இல்லை. அம்மா உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று சொல்லியே வளர்த்தார்கள். பி.எஸ்ஸி. படிக்க வந்தவள், அதே ஊரில் சரஸ்வதிபுரத்தில் என் வீடு இருக்க, ஹாஸ்டலில் தங்கினாள். எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ்தான் என்றாலும் என்னிடம் கன்னடத்தில்தான் பேசுவாள். கூப்பிடுவது ‘மேடம்’.

கணவாய் முட்டையிட்டதும் போய்விடும், திரும்பிப் பார்க்காது. எங்கள் பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது. அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆய்விதழ் ஒன்றில் படித்ததையும் சொன்னேன். ஜப்பானியர்கள் ஆழ்கடலில் ஒரு கணவாயைக் கண்டிருக்கிறார்கள். அது தன் முட்டைகளையெல்லாம் கைகளில் ஏந்திக்கொண்டே திரிந்ததாம்.

"அவ்வளவு ஆழத்தில் நடப்பது மேலே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். வகுப்பைப் பார்த்துச் சொன்னேனே தவிர, அவளுக்காகத்தான் சொன்னேன். அவள் குனிந்து எழுதிக்கொண்டாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு மேசையருகே வந்தாள். முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினாள்.

"கடைசியா சொன்னேளே, அதைப் பரீட்சைல எழுதலாமா?"

எழுது என்று சொல்ல எவ்வளவு ஆசை! ஆனால் விடைத்தாள் திருத்துகிறவர்களை எனக்குத் தெரியும். புத்தகத்தில் இல்லாததைக் கண்டால் தப்பென்று சுழித்துவிடுவார்கள். அவளுக்கோ எம்.எஸ்ஸி. ஸீட் வேண்டும்.

"வேண்டாம். புஸ்தகத்துல இருக்கறதையே எழுது."

"விட்டுட்டுப் போயிடும்னா?"

"ஆமா. இல்லேன்னா மார்க் போயிடும்."

தலையை ஆட்டிவிட்டு, எழுதியிருந்ததை என் கண்ணெதிரிலேயே கோடு போட்டு அடித்தாள்.

"தேங்க்ஸ், மேடம்."

அவள் ஹாஸ்டல் பக்கம் போவதை ஜன்னலில் பார்த்தேன். நல்ல மார்க் வாங்குவாள். கதவைச் சாத்திக்கொண்டு, அவள் உட்கார்ந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.